எல்லாத் தோலிலும் ஒரே இடத்தில் கறை

எங்கள் அன்பு அக்கா மறைந்து ஓராண்டாகிறது. கண்ணீரோடுதான் இதை எழுதுவேன் என்று நினைத்தேன். ஆனால் அக்காவை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது நிம்மதிதான்.

நெமிலிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அக்கா, அப்பா போன பின் டியூஷன் எடுத்தே படித்து, ஆம்பூரில் வேதியியல் ஆசிரியை ஆனார். எதைக் கேட்டாலும், "வாயால சொல்லாத, வரைஞ்சி காட்டு" என்பார். எத்தனையோ அறிவியல் உண்மைகள் எண்களாக இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை, படமாக்கிய பிறகே பிடிபட்டன என்பது அவர் கட்சி. கல்யாணப் பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதற்கும் படம் போடுவார். நாங்கள் கிண்டல் செய்வோம்.

என் வேலை போக இருந்தபோதுதான் அந்தக் கிண்டலை நிறுத்தினேன். தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோல் ஊறும் மரப்பட்டைச் சாறு கலப்பது என் பொறுப்பு. ஏற்றுமதிக்கு இருந்த ஆட்டுத்தோல்களில் கருங்கறை விழுந்தது. பட்டையும் இரும்பும் சேர்ந்தால் தோல் கறுக்கும். நான்தான் சாற்றில் இரும்பு வாளியைப் போட்டிருப்பேன் என்றார்கள்.

அக்கா, புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாள்களோடு வந்தார். ஒவ்வொரு தோல் மேலும் ஒரு தாளை விரித்து, ஓரத்தையும் கறையையும் வரைந்தார். பிறகு கழுத்துக்குக் கழுத்து பொருத்தி, எல்லாத் தாள்களையும் சேர்த்து ஜன்னலில் வைத்துப் பிடித்தார். கறைகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

"இன்னா டீச்சர் இது?" என்றார் முதலாளி பாய்.

"சாறுல கோளாறுன்னா கறை கண்ட இடத்துல விழும் பாய். தோல எங்க ஒரே பக்கமா விரிக்கிறீங்க?"

ஈரத்தோலை விரித்துத் தேய்க்கும் மேசைக்குப் போனோம். பலகையில், கறை விழுந்த அதே இடத்துக்கு நேராக, துருப்பிடித்த ஆணி ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அவசரப்பட்டுட்டேன் தம்பி. நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார் பாய். எனக்கு அழுகை முட்டியது.

"ஏன்டா அழுவுற? அதான் தெரிஞ்சிடுச்சே" என்றார் அக்கா.

சென்ற ஆண்டு நுரையீரல் நோய் முற்றியபோது, டாக்டரிடம் ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீயும் பாருடா. தெரிஞ்சிட்டா பேஜார் கம்மி. வா, வீட்டுக்குப் போலாம்."

பார்த்தேன். சில வாரங்களில், வீட்டில், வலியில்லாமல், தூக்கத்திலேயே போனார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாற்றி மாற்றித் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், அவருடைய மாணவிகளுக்கும், தோள் கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரின் பின்னட்டையில் அந்தத் தாள்களின் படத்தை அச்சிட்டிருக்கிறோம். அக்கா அப்படி வரைந்து பார்த்ததால்தான், நாளைக் காலையும் நான் அதே தொழிற்சாலைக்குத் தலைநிமிர்ந்து வேலைக்குப் போகிறேன்.