மரத்துப்போவதற்குள் ஒரு ரவுண்டு

“இதுவா? இது நாலு பேர் எதிர்ல வாயத் தொறந்து பேசிடுச்சின்னா நான் மீசைய எட்த்துட்றேன்” என்று என் தாய்மாமன் ஒருமுறை சொன்னார். டிப்ளமோ முடித்து, மறைமலைநகரில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு இன்டர்வியூ வந்திருந்த சமயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நாலு பேர் எதிரில் பேசுவதில்தான் கூச்சம். மாமாவுக்கு அது தெரியும், அதனால்தான் மீசையை அவ்வளவு தைரியமாகப் பணயம் வைத்தார்.

போன ஞாயிறு அந்த மீசையின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாண மண்டபம், எங்கள் பல் டாக்டருக்குப் படத்திறப்பு. பேனரில் அவருக்குக் கோட்டு சூட்டு ஒட்டியிருந்தார்கள். சட்டையின் மேல் பொத்தானையே போடாத மனுஷன். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து பிரிஞ்சி சாதத்துக்குக் கிராம்பு பொரிகிற வாசனை வந்ததும் என் இடது கன்னம் மரத்த மாதிரி ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள். அவர் கிளினிக்கில் எப்போதும் அந்த வாசனைதான்.

ஊரில் அவரை வேன் டாக்டர் என்பார்கள். மனைவி செங்கல்பட்டில் நர்ஸ், ஷிப்டு வேலை. அதனால் இரண்டு பெண்களையும் பள்ளியில் விடுவது, கூட்டிவருவது, காய் வாங்குவது, குக்கர் வைப்பது எல்லாம் டாக்டர்தான். வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பவும் மனசு வராது. ஈறில் ஊசி போட்டால் மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா, அந்த நேரத்தில் அவர் குடும்பம் நடத்தினார். “மரக்கறதுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாம், வாங்க” என்று நோயாளியையும் வேனில் ஏற்றிக்கொள்வார். தனியாக விட்டுப் போய் ஆள் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது என்பார். ஊருக்குப் பழகிவிட்டது. வாயில் பஞ்சோடு ஒருவர் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தால், கடைக்காரர் “டாக்டர் வூட்டுக்கா?” என்று கேட்டு, தானே இளசாகப் பொறுக்கிப் போடுவார்.

ஒருநாள் சின்னவள் கடல் பார்க்கவேண்டும் என்று அழுததில் வேன் மாமல்லபுரம் வரைக்கும் போய்விட்டதாம். உள்ளே ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு கறிக்கடைக்காரரும், ஆளுக்கு ஒரு பக்கம் மரத்து. கரையில் இருவரும் சுண்டல் வாங்கியிருக்கிறார்கள். “மெல்லாதீங்க! ஒதடு, ஒதடு!” என்று டாக்டர் மணலில் ஓடிவருவதற்குள் கறிக்கடைக்காரர் தன் உதட்டைக் கடித்து ரத்தம். “வலியே இல்ல டாக்டரே, சுண்டல்ல உப்புதான் கம்மி” என்றாராம். கிளினிக் திரும்புவதற்குள் மரப்பு விட்டுப்போய், இருவருக்கும் மறுபடி ஊசி. வாத்தியார் முழங்கால்வரை மடித்த ஈரப் பேன்ட்டோடு நாற்காலியில் சாய்ந்தார்.

பல்லில் ஆரம்பித்துக் கடலுக்கு வந்துவிட்டேன். அந்த வேனில் போய்ப் பழகியவள், வேறு எப்படி இருப்பேன்?

இன்டர்வியூ அன்று காலை எனக்குக் கடைவாய்ப்பல் உயிர் போக வலித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “மத்தியானம்தான இன்டர்வியூ? டைம் கீது” என்றார். எல்.கே.ஜி. விடும் நேரமாகிவிட்டதால் என்னையும் ஏற்றிக்கொண்டு சின்னவளைக் கூட்டிவரக் கிளம்பினார். போகும்போது ரயில்வே கேட் திறந்திருந்தது. வரும்போது மூடிவிட்டார்கள். மின்சார ரயில் போனது, சரக்கு ரயில் போனது, மறுபடியும் மின்சார ரயில். டாக்டர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார்.

“பேஜாரா பூட்ச்சேம்மா! பல்ல அப்பால பாத்துக்கலாம். நேரா கம்பெனிக்குப் போலாம்.”

நான் என் வாயைக் காட்டினேன்.

“என் ஊசி, நான் பொறுப்பு” என்றார். செக்யூரிட்டியிடமும் அதையே சொன்னார். சின்னவளையும் அவளுடைய தண்ணீர் பாட்டிலையும் கூட்டிக்கொண்டு இன்டர்வியூ அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

அதிகாரி எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். “இன்டர்வியூ யாருக்கு?”

“இவங்களுக்குதான் சார். வாய் மரத்துகினு கீது. இவங்க சொல்றத நான் சொல்றேன்.”

அளவு பார்க்கும் வெர்னியர் கருவியைப் பற்றி முதல் கேள்வி. அது எவ்வளவு சிறிய அளவுவரை காட்டும்? பாயின்ட் ஜீரோ டூ மில்லிமீட்டர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொன்னேன். எச்சிலோடு ஏதோ ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் தயங்கவே இல்லை. “ஜீரோன்றாங்க சார்.”

தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி சொன்னேன்.

“சாரி சார். ரெண்டுன்றாங்க.”

“இல்லப்பா, அக்காவுக்குத் தண்ணி வேணுமாம்” என்றாள் சின்னவள்.

மூன்று வருஷப் படிப்பு என் கண்ணெதிரில் கரைந்துகொண்டிருந்தது. “டாக்டர், நீங்க கம்னு இருங்க!” என்று கத்தினேன். எச்சில் மேசைவரை தெறித்தது. அதிகாரி, “இது நல்லாவே புரிஞ்சிது” என்றார். பிறகு கீழுதட்டை விரலால் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக விடையைச் சொன்னேன். அப்புறம் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்படியே சொன்னேன். டாக்டர் மூலையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப்பிள்ளை மாதிரி வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தார்.

வேலை கிடைத்தது. “டாக்டரு போய் பேசனாரு, குட்த்தாங்க. இது எங்க பேசுச்சி?” என்றார் மாமா. டாக்டரே எங்கள் வீட்டுக்கு வந்து, “நான் பேசனதெல்லாம் தப்புங்க. என்னைய கம்னு இருக்கச் சொல்லிச்சி உங்க பொண்ணு” என்று சொல்லிப் பார்த்தார். மாமா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மீசை தப்பியது.

அந்த ரயில்வே கேட்டுக்கு மேலே இப்போது பாலம் போகிறது. கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வேன் எடைக்குப் போய்விட்டது. வாயில் பஞ்சோடு வெண்டைக்காய் பொறுக்குகிறவர் யாரும் இல்லை. சின்னவள் ஒன்பதாவது படிக்கிறாள்.

மண்டபத்தில் மைக் பிடித்தவர் டாக்டரிடம் ஒருநாளும் பல் காட்டாதவர் என்று நினைக்கிறேன். “டாக்டர் அவர்கள் ஒரு நோயாளியைக்கூட ஒரு நிமிடம் காக்கவைத்ததில்லை! கிளினிக்கைவிட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை! குடும்பத்தையே மறந்து...” என்று முழங்கினார். முன்வரிசையில் டாக்டரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். சின்னவள் நேராக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ எங்க எய்ந்துக்கிற? உக்காரு. நீ இன்னா பேசப்போற?” என்று மாமா என் துப்பட்டாவைப் பிடித்தார். துப்பட்டா அவர் கையில் நின்றுவிட்டது. நான் மேடையேறிக் கையை நீட்டினேன். மைக் பிடித்தவரும் ஏதோ நன்றியுரை என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்.

“டாக்டர் எங்க எல்லாரையும் காக்கவெச்சாரு” என்று ஆரம்பித்தேன். மாமாவின் கை மெல்ல மீசைக்குப் போனது.