மூன்று நாள் முன்னால் ஓடிய தேதி

என் அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். தெருவில் அவருக்குத் தேதிக்காரர் என்று பெயர். எந்தக் காகிதம் எந்த நாளில் முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதிலும் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று வருடா வருடம் சோதித்துத் தரும் சான்று, புதுப்பிக்க வேண்டிய வாரத்தில் அவர் கால் தரையில் பாவாது. அக்காவை வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, "எரியுதா?" என்று கத்துவார். பாதி நேரம் அவள் பார்க்காமலேயே "எரியுது" என்பாள்.

கிறுக்குக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருமுறை எஃப்.சி. முடிந்து ஒரே நாள் ஆகியிருந்தது. வழியில் மடக்கி, பிள்ளைகளையெல்லாம் வெயிலில் இறக்கி நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

பெருந்தொற்று வந்து மார்ச் மாதம் பள்ளியை மூடினார்கள், சோதனை அலுவலகத்தையும் மூடினார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முடிகிற காகிதங்கள் எல்லாம் செப்டம்பர் வரை செல்லும் என்று அரசு உத்தரவு போட்டது. மற்ற டிரைவர்கள் குதித்தார்கள். மாமா முகம் மட்டும் தொங்கிப்போனது.

"நம்மளுது மார்ச் முப்பத்தொண்ணோட முடியுது மாப்ள. ஒரே நாள்ல கோட்டை விட்டுட்டேன்."

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு காலை, பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகளுக்கு வலி கண்டது. மருமகன் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர்.

"மாமா, வண்டிய எடுங்க" என்றேன்.

"நடுவுல மடக்கி இவளக் கீழ இறக்கச் சொன்னா என்னடா பண்ணுவேன்?" என்று பின்வாங்கினார். பயந்த மனிதரை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

காட்டிக் கெஞ்சவாவது ஆகும் என்று பீரோவிலிருந்து சான்றை எடுத்து வந்த அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இதுல ஏப்ரல் மூணுன்னுல்ல போட்டிருக்கு!"

மாமா பிடுங்கிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பார்கள் இல்லையா, அதுபோல வருடா வருடம் வண்டிக்குள் ஒட்டும் அட்டையில் மூன்று நாள் முன்னால் தேதி எழுதிவைப்பது அவர் வழக்கமாம். எழுதியவரே அதை மறந்து, அட்டையை நம்பி உட்கார்ந்திருக்கிறார். உலகத்திலேயே தன்னைத் தானே மடக்கிக்கொண்ட டிரைவர் இவர் ஒருவர்தான்.

தார்ப்பாய் பறந்தது. பின் சீட்டில் மகள், அவள் தலை அக்கா மடியில். முன்னால் மாமா பக்கத்தில் நான். பாதி வழியில் தடுப்புப் போட்டு நிறுத்தினார்கள். மாமா முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, சான்றை நீட்டி, செல்போனில் இருந்த உத்தரவை முதல் வரியிலிருந்து கம்பீரமாக வாசிக்கத் தொடங்கினார்.

"அப்பா, போப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு அலறல்.

காவலர் தடுப்பைத் தூக்கிக்கொண்டே ஓடினார். "சார், மொதல்ல கெளம்புங்க சார்!"

போய்ச் சேர்ந்த இருபதாவது நிமிடம் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மாமா உள்ளே போகாமல் கதவோரமே நின்றார். "மன்னிச்சிரும்மா, கெளம்பறதுக்குள்ள உன்னத் தவிக்க விட்டுட்டேன்" என்றார்.

மகள் களைத்த முகத்தோடு சிரித்தாள். "அவ்வளவு தூரம் வந்தோமேப்பா, ஒரு பள்ளத்துல கூட வண்டி குலுங்கல."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவரைக் கேலி செய்யத்தான் நான் வாயைத் திறந்தேன். எனக்கும் அழுகைதான் வந்தது.