மச்சம் விட்ட இலையுதிர்காலம்

மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் என்னைத் தெரிந்த தமிழர் எல்லாருக்கும் இது தெரியும். இலையுதிர்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு பால்டிக் கடலுக்குத் தூண்டில் போடப் போய்விடுவேன். ‘உங்கடை மனுசன் கடலைக் கட்டியிருக்கலாம்’ என்று சனம் என் மனைவியிடம் பகிடி பண்ணும். அப்படிப்பட்ட நான் அந்த ஆண்டு ஆவணியில் மச்சத்தை விட்டேன். மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும்தான் நாங்கள் மச்சம் என்போம்.

காரணம் என் மனைவியின் வயிற்றில் வந்த கட்டி. சத்திரசிகிச்சை முடிந்த பிறகு மருத்துவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவளுக்கு ஜெர்மன் மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். பெரிய விசயங்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அன்று மருத்துவர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் தமிழில் சொன்னேன். மருந்து ஏற்றினால் சுகம் வரும் என்றேன். வரலாம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார், அதையும் தயங்கித் தயங்கி.

அடுத்த நாள் தனியாகக் கோயிலுக்குப் போய் அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். இவள் எழும்பி நடமாடும் வரைக்கும் மச்சம் வாயில் வைக்கமாட்டேன் என்று சொன்னேன். என்னிடம் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் கேட்டபோது, இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டதாம், டொக்டர் மறித்துவிட்டார் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். அவள் ‘ஓம்’ என்று தலையாட்டினாள்.

பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். கஞ்சி, இடியப்பம், ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துப்பானம், எதைக் கொடுத்தாலும் ஒரு வாயோடு சரி. கெஞ்சினேன். சண்டை பிடித்தேன். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக் கழுவும் தொட்டிக்குள் எறிந்தும் விட்டேன். எடை இப்படியே இறங்கினால் அடுத்த முறை மருந்து ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொன்னார். அதை மட்டும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவளாகவே வாய் திறந்தாள்.

“மீன் எண்டால் சாப்பிடுவன். கடையிலை வாங்கிறது வேண்டாம். நீங்கள் போய்ப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ.”

எந்த மீன் வேண்டும் என்று கேட்டேன். சால்மன், இல்லாவிட்டால் ஹைல்புட் என்றாள். ஹைல்புட் பெரிய தட்டை மீன். அதைப் பிடிக்க நோர்வேக்குப் போகவேண்டும். சால்மன் எங்கள் பக்கத்திலும் கிடைக்கும், ஆனால் லேசில் அகப்படாது. என்னிடம் மீனாவது கேட்டாளே என்ற சந்தோசத்தில் உடனே தூண்டில்களை எடுத்துக் காரில் வைத்தேன். அன்றிரவே அவளுடைய தங்கையை வரச்சொல்லி வீட்டில் இருத்திவிட்டு வெளிக்கிட்டேன். ஆட்டோபான் நெடுஞ்சாலை நெடுகவும் அம்மனோடு வழக்காடிக்கொண்டு போனேன். தின்னமாட்டேன் என்றுதானே சொன்னேன், பிடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே என்றேன்.

விடியற்காலை ஹைலிகன்ஹாஃபன் துறைமுகத்தில் காற்று மோசமாக இருந்தது. பெரிய படகுகள் அன்று போகவில்லை. சின்னப் படகு வைத்திருக்கும் ஜெர்மன்காரர் ஒருவரை எனக்குப் பல வருடப் பழக்கம். மனைவியின் நிலையைச் சொன்னேன். வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, மத்தியானம் வரைக்கும்தான் என்று சொல்லிப் படகை எடுத்தார்.

படகு மெதுவாக ஓட, மீன்போல மினுங்கும் தகட்டு இரைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். குளிர் விரலுக்குள் இறங்கியது. மத்தியானம் நெருங்குகிறபோதுதான் ஒரு தூண்டில் வளைந்தது. இழுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஓட ஓட நூலை விட்டுக்கொடுத்தேன், களைத்தபோது சுற்றினேன். படகோரம் வந்து புரண்டபோது வெள்ளிக்குடம் போல இருந்தது. சால்மன்தான். நான் வாய்விட்டு அழுதேன்.

படகுக்காரர் வலையை நீட்டவில்லை. குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். பண்ணையில் வளர்த்துக் கடலில் விடும் சால்மனுக்கு, வாலுக்கு முன்னால் துடுப்புப் போல இருக்கும் சின்னக் கொழுப்புச் செட்டையை வெட்டிவிடுவார்கள். சட்டப்படி செட்டை வெட்டிய மீனை மட்டும்தான் நாங்கள் எடுக்கலாம். இதற்குச் செட்டை முழுதாக இருந்தது. இதைத் திருப்பி விடத்தான் வேண்டும் என்றார். ஒரு மீன்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கெஞ்சினேன். கும்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றினார். மீன் கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனது. அவரைத் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். விளங்காவிட்டாலும் விளங்கியிருக்கும்.

அவர் கரைக்குத் திரும்பவில்லை. மணல் அடித்தளம் உள்ள ஆழமில்லாத இடத்துக்குப் படகைக் கொண்டுபோய், கடற்புழு கோத்த தூண்டில் ஒன்றை என் கையில் தந்தார். நேரமும் போய்விட்டது, காற்றும் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றையும் எதிர்பார்க்காமல் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு ‘ஷொல்ல’ மீன் வந்தது. ஹைல்புட்டின் ஏழைச் சொந்தக்காரன், செம்மஞ்சள் புள்ளி போட்ட தட்டை மீன். அவர் அளந்து பார்த்துவிட்டு, எடுக்கலாம் என்று தலையை ஆட்டினார். நானே அதன் தலையில் அடித்தேன். அடிக்கும்போது அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து நானே தேங்காய்ப்பால் விட்டு மீன் சொதி வைத்தேன். நேர்த்தி கிடந்தபடியால் உப்புப் பார்க்கவில்லை, கைக்கணக்கில் போட்டேன். சோற்றில் சொதியை விட்டு, முள்ளை எடுத்துவிட்டு மீனை மேலே வைத்துக் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். அவள் எழும்பி இருந்து கோப்பையை மடியில் வாங்கினாள். ஆனால் கை வைக்கவில்லை.

“உங்கடை கோப்பை எங்கை?” என்று கேட்டாள்.

எனக்குத்தான் கொழுப்பு என்று தொடங்கினேன்.

“கொழுப்பெண்டு சொல்லாதேங்கோ. நீங்கள் மச்சம் விட்ட அண்டைக்கே டொக்டர் என்ன சொன்னவரெண்டு எனக்கு விளங்கிட்டுது. உங்களையே மீனை விடப் பண்ணின இந்த வயித்து வருத்தம் சின்ன வருத்தமே? இனி என்னத்துக்குச் சாப்பிடவேணும் எண்டுதான் இருந்தனான்.”

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. நான்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இவளைக் காப்பாற்றுமென்று நான் பிடித்துக்கொண்டிருந்த நேர்த்தியே இவளுடைய வாயைக் கட்டியிருக்கிறது. வேறு யாருக்கும் ஒரு மனுசன் மரக்கறி சாப்பிடுவதில் இவ்வளவும் தெரிந்திருக்காது. அவள் என்னுடைய மனைவி, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மீனில் பாதியைப் பிய்த்து என் பக்கம் நீட்டினாள்.

“நீங்கள் சாப்பிட்டால் நானும் சாப்பிடுவன்.”

சாப்பிட்டால் அம்மனுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். அந்த வாக்கில்தான் இவளுடைய உயிர் தொங்குகிறதென்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். இன்றைக்கும் அது பொய்யென்று என்னால் சொல்ல ஏலாது. சாப்பிடாவிட்டால் அந்தக் கோப்பை அப்படியே இருக்கும், அடுத்த கிழமை மருந்து ஏற்ற மாட்டார்கள். அப்படிப் பயந்து நான் என் வாழ்க்கையில் ஒரு துண்டு மீனைக் கையில் வாங்கியதில்லை. வாயில் வைத்தேன், மென்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுங்கியதைக் கண்ட பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.