பட்டாளச் சலுகையும் பெரியப்பாவின் தத்தும்

என் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டார் இதை ரொம்ப நாள் வெளியில் சொல்லவில்லை. வடக்கே கம்பெனி உத்தியோகம் என்பதுதான் பேச்சு. சண்டை முடிந்து திரும்பியவருக்குப் பஞ்சகவ்யம் கொடுத்துப் பிராயச்சித்தமெல்லாம் செய்துவைத்தார்கள். ஆனாலும் பெரியப்பா அவரோடு ஒரே பந்தியில் உட்காரமாட்டார். கடல் தாண்டியவன், கண்டதைத் தின்றவன் என்று அப்பாவுக்கு எப்போதும் பின்கட்டுத் தாழ்வாரத்தில்தான் இலை. குண்டுக்குத் தப்பி வந்தவரால் அண்ணாவின் ஆசாரத்துக்குத் தப்ப முடியவில்லை.

பிறகு சர்க்கார், பட்டாளத்துக்காரர் பிள்ளைகளுக்குக் காலேஜில் இடமும் சம்பளச் சலுகையும் உண்டு என்றது. லால்குடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன்கள் அதை வைத்துத் தினம் ரயிலேறி வந்து படித்தார்கள். அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. எங்கள் தெருவில் நடந்தது வேறு. பரணில் கிடந்த யூனிஃபார்ம் போட்டோக்கள் தூசி தட்டப்பட்டுப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஏறின. நேற்றுவரை கம்பெனி உத்தியோகம் பார்த்தவர்கள் எல்லாரும் திடீர் வீரர்களாகிவிட்டார்கள்.

நான் அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், நல்ல மார்க். அப்பா மன்னார்புரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். சலுகை இல்லாமல் என்னைக் காலேஜில் சேர்க்க அவரால் முடியாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் சலுகை என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு நான் ஒருத்திதானே! கவலையே இல்லாமல் புதுத் தாவணிக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவின் இரண்டாவது பிள்ளையும் அதே வருஷம் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தான். ஒருநாள் பெரியப்பா அவராகவே தாழ்வாரத்துக்கு வந்தார்.

"ஏண்டா, உனக்குக் கொள்ளி போட ஒரு பிள்ளை வேண்டாமா? என் சின்னவனைத் தத்து எடுத்துக்கோ."

"அவனுக்குப் பூணூல் ஆயிடுத்தே அண்ணா? அப்புறம் தத்து எடுக்கச் சாஸ்திரம் ஒத்துக்குமா?"

"அதையெல்லாம் வாத்யார் பார்த்துப்பார்."

வாத்தியார் பார்த்துக்கொண்டார். தட்சிணை கொடுத்தால் சாஸ்திரத்தில் இல்லாத வழியா! அப்பாவின் கொள்ளியைப் பற்றிப் பெரியப்பாவுக்குத் திடீரென்று அக்கறை வந்த காரணம் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கொள்ளிக்கு இல்லை, காலேஜுக்கு" என்று அடுக்களையில் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். அதற்கு மேல் பேச அந்த வீட்டில் அவளுக்கு உரிமை கிடையாது.

ஹோமம் முடிந்து கூடத்தில் இலை போட்டார்கள். பெரியப்பா தன் பக்கத்து இலையைக் காட்டி, "இங்க உட்காருடா" என்றார். அப்பா கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் போகாத தோஷம் காலேஜ் சீட்டு என்றதும் போய்விட்டது. பெரியப்பா அக்காரவடிசிலைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தி கலைந்ததும் அப்பாவிடம் போனேன்.

"அப்போ என் காலேஜ்?"

"நீ பொண்ணுதானேம்மா, பார்த்துக்கலாம்" என்றவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா என்னோட ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்ட்டார், பார்த்தியோ?"

எனக்குப் பெரியப்பா மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் அதிகம் ஆத்திரம் வந்தது. ஒரு இலைச் சாப்பாட்டுக்கு என்னை விற்றுவிட்டார் மனுஷர். ஆனால் அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பார்த்தேன்ப்பா" என்றேன்.