பிள்ளை பிறந்த பின்னும் உப்பில்லாமல்

முதலில் வந்தது தலைவலி. பிள்ளை பெற்று நகரியில் அம்மா வீட்டில் படுத்திருந்தேன். விளக்கைச் சுற்றிப் பூச்சி பறப்பது போலிருந்தது. விளக்கை அணைத்தாலும் பூச்சி பறந்தது.

கர்ப்பத்திலேயே எனக்கு இரத்தக்கொதிப்பு (இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுதல்). திருப்பதி ஆஸ்பத்திரியில் எப்படியோ பெற்றுப் பிழைத்தேன். அனுப்பும்போது டாக்டரம்மா, "கொதிப்பு இன்னும் இறங்கலை. உப்பு வேணாம். அடுத்த வாரம் கட்டாயம் வந்து காட்டணும்" என்றார். அம்மா தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது கர்ப்பிணிக்குச் சொன்ன பேச்சு. கர்ப்பம்தான் முடிந்துவிட்டதே.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாக் கருவாட்டுக் குழம்பு வைப்பார்கள். "புள்ள பொறந்துட்டான், இனிமே இன்னாடி உப்புப் பத்தியம்? நல்லா துன்னு" என்றாள் அம்மா. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த நாக்கு. வழித்துத் தின்றேன்.

தலைவலிக்குக் காதில் பஞ்சு வைத்தார்கள். வீங்கிய முகத்தைப் பார்த்து, நன்றாகத் தேறிவிட்டாள் என்றார்கள், புண்ணியவதிகள்.

"திருப்பதிக்குப் போலாமா நைனா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"எல்லைத் தகராறுல ரயில மறிச்சிக்கினு கீறானுங்கோ. கொஞ்சம் பொறும்மா."

நகரி மதராசுக்கா ஆந்திராவுக்கா என்று ஊரே வாதாடிய காலம் அது. ஆனால் ரயில் ஓடியிருந்தாலும், தீட்டுக் கழியாமல் அம்மா என்னை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டாள்.

பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. என் கையிலிருந்து நழுவிய பிள்ளையை அம்மாதான் பிடித்தாளாம். நைனா ஒரு லாரியை நிறுத்தி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எக்லாம்சியா (பேறுகால வலிப்பு, பிள்ளை பிறந்த பிறகும் வரும்) என்றார் டாக்டரம்மா.

அம்மா அழுதுகொண்டே கருவாட்டைச் சொன்னாள். "கருவாட்டால மட்டும் வரலைம்மா. வந்து காட்டியிருந்தா மருந்து குடுத்திருப்பேன்" என்றார் அவர். அம்மா காதில் கருவாடு மட்டும்தான் விழுந்தது.

பிழைத்தேன். இடது கண்ணில் பாதிப் பார்வைதான் திரும்பியது. பிள்ளை பெற்றவர்களே, தலை வலித்தால், கண்ணில் பூச்சி பறந்தால், தீட்டும் பார்க்காதீர்கள், ரயிலும் பார்க்காதீர்கள். புறப்படுங்கள்.

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. என் பிரசவம்தான் தீரவில்லை. மகனுக்கு மீசை முளைத்த பிறகும், கையில் பட்டை கட்டிக் கொதிப்பு பார்க்கும்போதெல்லாம் நான் அதே பச்சை உடம்புக்காரிதான்.

எனக்கு வலிப்பு வந்த அன்றிலிருந்து அம்மாவும் தன் கஞ்சிக்கு உப்புப் போடவில்லை. "பத்தியம் எனக்குத்தானே, உனக்கு இன்னாத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

அந்த வெறுங்கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு இதுவே கரிக்குதுடி" என்றாள்.