அல்லி அடித்த மட்கார்டு

நெரவியில் தையல் கடை வைத்திருக்கும் அல்லியின் பழைய ஸ்கூட்டரில் முன் மட்கார்டு துருப்பிடித்து உதிர்ந்துபோனது. காரைக்கால் கடைகள் எதிலும் அது கிடைக்கவில்லை. நாமே செய்தால் என்ன என்று, கொல்லைக் கொட்டகையில் புளியங்கட்டையைக் குழிவாகக் குடைந்து, அதன்மேல் இரும்புத் தகடு ஒன்றை வைத்து மரச்சுத்தியலால் அடித்தாள். தகடு அழகாக வளைந்தது. ஆனால் விளிம்பெல்லாம் சுருக்கம் விழுந்துவிட்டது.

"சுருங்குன இடத்த வெட்டிடலாமா?" என்றார் கணவர் மாறன்.

"வேணாங்க! ரவிக்கைக்குக் கை வச்சுத் தைக்கிறப்பவும் இப்படித்தான் சுருங்கும். வெட்டவா செய்யுறேன்? பையப் பைய உள்ள அடக்கிடுவேன்ல!"

ஒவ்வொரு சுருக்கமாகக் கல்லில் வைத்து மெல்லத் தட்டினாள். சுருக்கம் தகட்டுக்குள்ளேயே அடங்கி விளிம்பு வழவழப்பானது.

"இங்க பாருங்க, அடங்கிடுச்சு!" என்று கத்தியேவிட்டாள்.

சக்கரத்தின்மேல் பொருத்தினார்கள். எங்கும் உரசவில்லை. பெயின்ட் அடிக்கக்கூடப் பொறுக்காமல், மாறனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைவரை ஓட்டிப்போனாள்.