வரவேற்புரை: இருதயசெல்வி

தென்னாற்காட்டை உடைத்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கிய 1993இல், புது மாவட்டத்துக்கு எல்லாமே தனியாகத் தேவைப்பட்டது. தனி கலெக்டர், தனி கருவூலம், தனி போலீஸ் சூப்பிரண்டு. இவ்வளவும் வந்த பிறகு அறிவியலை மட்டும் கடலூரிலிருந்து கடன் வாங்குவது மரியாதையாக இருக்காது என்று தட்சிணாமூர்த்திக்குத் தோன்றியது. அவர் அதுவரை ரயிலடியில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர். மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோகிறவர்களுக்குத் தில்லியில் மானியம் தருகிறார்கள் என்று, சைக்கிளை விட்டுப்போன ஒரு வாத்தியார் பேச்சுவாக்கில் சொன்னார். வாத்தியார் ரயிலில் போய்த் திரும்பி வருவதற்குள் ‘கதிர் அறிவியல் பரப்பு மையம்’ பதிவாகிவிட்டது.

மையத்துக்குப் பெயர்ப்பலகை வந்தது, நாற்காலிகள் வந்தன, பீரோவும் வந்தது. பேசத் தெரிந்த ஆள்தான் வரவில்லை. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவள் இருதயசெல்வி. கிளியனூர் பக்கத்துக் கிராமம், தாவரவியலில் பி.எஸ்ஸி. பட்டத்தைவிடப் பெரிய தகுதி அவள் தொண்டை. மாதா கோயில் தேர்பவனியில் ‘தேர் திரும்புகிறது, மின்கம்பியைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று அவள் மைக்கில் சொன்னால் மின்கம்பியே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்பார்கள். பதவி ஒருங்கிணைப்பாளர். தற்காலிகம், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும். முதல் நிகழ்ச்சிக்கு மைக்செட் கட்ட வந்த திண்டிவனத்து இன்னாசிராஜ், இந்தக் குரல் ஊருக்குள் உலாவினால் ஆம்ப்ளிஃபயரை யார் வாடகைக்கு எடுப்பார்கள் என்று பயந்து, தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கல்யாணம் செய்துகொண்டான்.

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் வழிமுறையைச் செல்வி முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டாள். முதலில் குத்துவிளக்கு. அதற்கு ஐந்து முகம் என்பதால் ஐந்து பெரிய மனிதர்கள் வேண்டும். காற்று அணைத்துவிட்டால் வேறு ஐந்து பேர். பிறகு வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்குப் பதில் பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை. ஆளுங்கட்சிக்காரர் வாழ்த்தினால் எதிர்க்கட்சிக்காரரும் வாழ்த்தியாக வேண்டும். அறிவியலுக்குச் சார்பு கிடையாதல்லவா.

ஒரே ஒருமுறை, அனந்தபுரம் சந்தை மைதானத்தில், வியாபாரிகள் சங்கத் துணைத்தலைவரின் பெயரை அவள் விட்டுவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் இரவலாகக் கொடுத்திருந்த பந்தலும் அவரோடு போனது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் நிழலைத் தேடிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் விட்டதில்லை. மேடையில் வந்து உட்கார்ந்த காக்காயைக்கூட ‘வருகை தந்திருக்கும்’ என்று சேர்த்துவிடுவாள் என்பான் இன்னாசிராஜ். மரக்காணத்தில் அவள் வரவேற்புரையைத் தொடங்கியபோது சினையாக நின்ற வெள்ளாடு, வாழ்த்துரை முடிவதற்குள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் சுவரொட்டி தின்னப் பழகிவிட்டன என்பதை அந்தக் கரையில் இன்றைக்கும் சாட்சியோடு சொல்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பேராசிரியர் அரங்கநாதன் எழுவார். பாறைகளைப் படித்தவர், மையத்தின் ஆஸ்தான விஞ்ஞானி. அவர் எழும் நேரமும் பின்பக்கம் சாம்பார் தாளிக்கும் நேரமும் ஒன்று. செல்வி குனிந்து, “சார், ரெண்டே வார்த்தை” என்பாள். அவர் மைக்கைப் பிடித்து, “இந்த உலகம் தோன்றி ஏறக்குறைய நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன” என்பார். தாளிப்பு வாசம் வரும். “நேரமின்மை காரணமாக இத்துடன் முடித்துக்கொள்கிறேன்” என்று உட்கார்ந்துவிடுவார். இப்படியாக உலகம் அனந்தபுரத்தில் தோன்றி அனந்தபுரத்திலேயே நின்றது. மறுமாதம் கிளியனூரில் தோன்றியது. போகப்போக மாவட்டத்தில் அது தோன்றாத ஊர் இல்லை என்றாயிற்று. எந்த ஊரிலும் அதன்மேல் முதல் மழைகூடப் பெய்யவில்லை.

வேனில் திரும்பும்போது அவர் பெருமூச்சு விடுவார். “டைம் மட்டும் குடுத்திருந்தா இன்னிக்கு எங்கியோ போயிருக்கும்மா.”

செல்விக்கு உறுத்தும். கடல் போன்ற மனிதரைச் சொம்பில் பிடித்து ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று வருந்துவாள். அவர் சொல்லாமல் விட்டதன் அளவைப் பார்த்தே ஊரில் மரியாதை ஏறிக்கொண்டிருந்தது. அவரைச் சென்னைக்குக் கூப்பிட்டு, மக்களிடம் பேசுவது எப்படி என்று விஞ்ஞானிகளுக்கும் டாக்டர்களுக்கும் என்ஜினியர்களுக்கும் பயிற்சிப் பட்டறை நடத்தச் சொன்னார்கள். அங்கேயும் குத்துவிளக்கு இருந்தபடியால், அங்கேயும் உலகம் தோன்றியதோடு சரி.

2011இல் தில்லி விழித்துக்கொண்டது. ‘மக்கள் பங்கேற்பு’ என்று ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அறிவியல் நிகழ்ச்சி என்றால் அதில் அறிவியலும் மக்களும் இருக்க வேண்டுமாம். மானியம் தரும் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்து ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்பார். தேறினால் மையம் பிழைக்கும், ஒருங்கிணைப்பாளர் பணி வருங்கால வைப்பு நிதியோடு நிரந்தரமாகும். தேறாவிட்டால் கதவுக்குப் பூட்டு. செல்விக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தது. வேறு வேலைக்கான வயது வரம்பெல்லாம் அவளைக் கேட்காமலே தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் ‘அடுத்த வருஷம் உண்டா சார்’ என்று கேட்டே வாழ்க்கை பாதி முடிந்திருந்தது.

நிபந்தனை இதுதான்: சடங்கு எதுவும் கூடாது. மேடையில் விஞ்ஞானி மட்டும் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பேச வேண்டும். பிறகு மக்கள் கேள்வி கேட்க வேண்டும்.

“குத்துவெளக்கு வேணாமா?” என்றார் தட்சிணாமூர்த்தி. “அப்பறம் எப்பிடிம்மா மீட்டிங்கி ஆரம்பிச்சிட்ச்சின்னு ஜனங்களுக்குத் தெரியும்?”

“பேசனா தெரிஞ்சிக்குவாங்க சார்.”

“பேசறது எல்லா எடத்துலயுந்தான் பேசிக்கினு கெடக்கறான். ஒரே ஒரு சால்வ?”

“ஒரு நூலுகூடக் கூடாதாம் சார்.”

அடுத்து அவள் திண்டிவனத்தில் பேராசிரியர் வீட்டுக்குப் போனாள். “சார், இந்த வாட்டி ஒரு மணி நேரமும் உங்களுக்குத்தான். பௌர்ணமி அன்னிக்குத் திருவக்கரையில வெச்சிருக்கோம், கோயிலுக்கு வர்ற கூட்டம் இருக்கும். அங்க மரம் கல்லா மாறிக் கெடக்குதே, அந்தக் கல்மரத்தப் பத்தியே பேசுங்க.”

அவர் வாய்க்குப் போன காபி டபராவுக்கே திரும்பியது. “ஒரு மணி நேரமா? வந்தவங்கள நாலு பேர வரவேற்க வேணாமாம்மா? மரியாதன்னு ஒண்ணு இருக்குதுல்ல.”

“வேணான்ட்டாங்க சார்.”

“தமிழ்த்தாய் வாழ்த்து?”

“அது பாடினாலும் சட்டுனு முடிஞ்சிடும் சார்.”

“அங்கெல்லாம் கரண்ட்டு அடிக்கடி பூடுமே?”

“ஜெனரேட்டர் சொல்லிட்டேன் சார். நீங்க கவலையே படாதீங்க.”

இவ்வளவு படித்தும் எவ்வளவு அடக்கம் என்று வியந்தபடியே அவள் பஸ் ஏறினாள்.

பௌர்ணமியன்று பந்தல் நிறைந்தது. தில்லிக் கார் வழிதவறி மயிலம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்காகக் காத்திருந்தால் அதுவும் சடங்கில் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, செல்வி நேரத்துக்கு மைக்கைப் பிடித்து, “வணக்கம். பேராசிரியர் அரங்கநாதன் இப்போது பேசுவார்” என்றாள். சொல்லிவிட்டுக் கீழே போய்ப் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்துகொண்டாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு குறைவாகப் பேசியது பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இல்லை.

கூட்டம் விழித்தது.

“வெளக்கு ஏத்தலியே.”

“மாலையும் போடல. யாரோ பெரிய மனுசன் பூட்டாரு போலக்குது.”

“அடப்பாவமே. யாரு?”

“யாரா இருந்தா இன்னா, ஏந்திரு.”

மொத்தப் பந்தலும் எழுந்து தலைகுனிந்து நின்றது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். எல்லாரையும்விடத் தாழ்வாகத் தலைகுனிந்து நின்றவர் அரங்கநாதன். அந்த நேரம் பார்த்துத் தில்லிக் கார் வந்து நின்றது. அறிவியலுக்கு இப்படியொரு மரியாதையை அதிகாரியம்மா எந்த மாநிலத்திலும் பார்த்ததில்லை. அவரும் கண்கலங்கி நின்றார். மௌனத்தை முடித்துவைக்க வேண்டியவர் யார் என்று தெரியாததால் அது நீண்டுகொண்டே போனது. கடைசியில், “மல்லாட்டே, சூடா மல்லாட்டே” என்று வெளியே வேர்க்கடலை விற்பவர் கூவவும்தான் உட்கார்ந்தார்கள்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “இந்த உலகம் தோன்றி ஏறக்குறைய நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன.”

நிறுத்தினார். பின்பக்கம் திரும்பி மூச்சை இழுத்துப் பார்த்தார். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. செல்வியைப் பார்த்தார், அவள் ‘உங்கள் இஷ்டம்போல் பேசுங்கள்’ என்று சிரித்தாள். தண்ணீர் குடித்தார். உலகத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை தோற்றுவித்தார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “நேரமின்மை காரணமாக,” என்று தொடங்கி, நேரம் தன் எதிரே மலைபோல் குவிந்துகிடப்பதைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

செல்விக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருடமும் அவள் மூடிவைத்திருந்த சொம்புக்குப் பின்னால் கடலும் இல்லை, குட்டையும் இல்லை.

மரக்காணத்துக் குப்பத்திலிருந்து அம்மனுக்கு வேண்டுதலுக்காக வந்திருந்த பவுனு கையைத் தூக்கினாள். “சார், ஒலகம் தோணனது சரி. அங்க படுத்துக்கினு கீற மரம் எப்பிடி கல்லாச்சி? அத்த சொல்லுங்க.”

“அருமையான கேள்வி,” என்றார் பேராசிரியர், கரையைக் கண்ட முகத்தோடு. “அதை இந்தம்மா சொல்லுவாங்க.” கை செல்வியை நோக்கி நீண்டது.

செல்வி எழுந்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். அதைத் தொடங்கினாள்.

“நம் அழைப்பை ஏற்று, வெள்ளத்தில் மிதந்து, நெடுந்தொலைவிலிருந்து வருகை தந்து, இரண்டு கோடி ஆண்டுகளாகப் பொறுமையோடு படுத்திருக்கும் மரம் அவர்களே.”

பந்தலுக்கு உயிர் வந்தது. அப்பாடா, மீட்டிங் ஆரம்பித்துவிட்டது.

“வந்து படுத்தவருக்கு ஆறு முதல் பொன்னாடை போர்த்தியது, மணலால். மேலே மேலே போர்த்திக்கொண்டே போனதில் காற்று உள்ளே வர முடியவில்லை. காற்று வராததால், அழுக வைக்கும் கிருமிகளுக்கு அழைப்பிதழ் போகவில்லை. மரத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலின் சத்தைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வருகிறது. மரச்சத்து மெல்ல எழுந்து போகிறது. அது காலி செய்த நாற்காலியில் கல் உட்காருகிறது. ஆள்தான் மாறினார், நாற்காலி அப்படியே இருக்கிறது. அதனால்தான் பார்த்தால் மரம், தட்டினால் கல்.”

“நம்ம யூனியன் ஆபீஸ் மாதிரின்னு சொல்லு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பந்தல் சிரித்தது.

அதற்குமேல் அவளால் நிறுத்த முடியவில்லை. கல்லான மரங்களின் உறவுக்காரர்களான மா, புளி, ஆமணக்கு வகையறாவை ஒருவர் விடாமல் வரவேற்றாள். வெள்ளத்துக்கு நன்றி சொன்னாள். மேல்மண்ணை அரித்து மரத்தை வெளியே காட்டிய மழைக்கு நன்றி சொன்னாள். தட்சிணாமூர்த்தி அதிகாரியம்மாவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்: “ஷி இஸ் ப்ரைசிங் தி உட், மேடம்.”

சாப்பாட்டுப் பந்தியில் அதிகாரியம்மா பூரித்துப் போயிருந்தார். நிபுணர் வாயை மூடிக்கொண்டு மக்களில் ஒருத்தியைப் பேசவைப்பது என்பது, நாடு முழுக்கப் பட்டறை வைத்தும் தங்களால் கொண்டுவர முடியாத விஷயம் என்றார். இது உங்கள் சொந்த முறையா என்று பேராசிரியரைக் கேட்டார். “பல வருஷ உழைப்பு,” என்றார் அரங்கநாதன். பொய் என்று சொல்ல முடியாது.

“உங்கள் ஒருங்கிணைப்பாளரைக் காணோமே? பணி நிரந்தரத்துக்கு நான் அவரைப் பார்த்தாக வேண்டும்.”

“ஆன் லீவ், மேடம்,” என்றார் தட்சிணாமூர்த்தி.

அப்பளக் கூடையோடு வந்த செல்வியின் காதில் அது விழுந்தது. அவரைப் பந்தல் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். “இன்னா சார் இது?”

“சும்மா இரும்மா. ஒன்ன பொதுஜனம்னு நெனச்சிக்கினு அந்தம்மா உருகிப் போயிருக்குது. நீ ஆபீஸ் ஸ்டாஃபுன்னு தெரிஞ்சா எல்லாம் புஸ்ஸுனு பூடும். மொதல்ல சென்டர் பொழைக்கட்டும்.”

“சென்டர் பொழைக்கும். லீவுல போனவளுக்கு யாரு சார் வேலைய நிரந்தரம் பண்ணுவாங்க?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாவட்டத்தில் அவள் மைக்கில் சொல்லாத பெயர் இல்லை. அவள் பெயரை எந்த மைக்கும் கேட்டதில்லை. வரவேற்கிறவளை யாரும் வரவேற்பதில்லை. இன்றைக்கு அந்த வரவேற்பும் இல்லாமல் போனதில் அவள் பொதுஜனமாகவே ஆகிவிட்டாள்.

இன்னாசிராஜ் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“மைக்க போடுங்க.”

“சாப்பாட்டு நேரத்துலயா? ஏன் செல்வி, இன்னும் யாருக்கு நன்றி பாக்கி?”

“போடுங்கன்றேன்.”

போட்டான். “என் பெயர் இருதயசெல்வி,” என்றாள் அவள். “இந்த மையத்தின் ஒருங்கிணைப்பாளர். பதினெட்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். லீவில் இல்லை.” பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள்.

பந்தியில் கைகள் நின்றன. அதிகாரியம்மா தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார்; தட்சிணாமூர்த்தி ரசத்தைப் பார்த்தார்.

“அப்படியானால் இங்கே பொதுமக்கள் யார்?” என்று அதிகாரியம்மா செல்வியைக் கேட்டார். குரலில் உருக்கம் போயிருந்தது.

செல்வி பவுனுவைக் காட்டினாள். அதிகாரியம்மா இலைகளைத் தாண்டிப் போய், என்ன புரிந்தது என்று தட்சிணாமூர்த்தியை விட்டுக் கேட்டார். பவுனு பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

“மரம் செத்துச்சி. மண்ணு மூடிக்கிச்சி. மரம் ஏந்து போன எடத்துல கல்லு குந்திக்கிச்சி. அவ்ளோதாம்மா. இத்தச் சொல்றதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேரு தில்லிலேர்ந்து வர்றீங்க? சோறு ஆறுது, குந்து, துன்னு.”

“ஷி இஸ் வெரி ஹாப்பி, மேடம்,” என்றார் தட்சிணாமூர்த்தி.

“இவ்வளவு நீளமான மகிழ்ச்சியா?” என்று அதிகாரியம்மா செல்வியிடம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கள்.”

கடைசிப் பகுதியை விட்டுவிடலாமா என்று செல்வி ஒரு நொடி தயங்கினாள். வேலை அந்த நொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள், எதற்கு இத்தனை பேர் வருகிறீர்கள் என்பது உட்பட. அதிகாரியம்மா முழுக்கக் கேட்டார். அப்புறம் பவுனுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை போடச் சொன்னார்.

அரங்கநாதனை அதற்குப் பிறகு பிடிக்கவே முடியவில்லை. நிபுணர்கள் பேசாமல் இருப்பது எப்படி என்று ஊர் ஊராகப் பயிற்சி தரக் கிளம்பிவிட்டார். அந்தப் பாடத்தில் அவரை மிஞ்ச நாட்டில் ஆள் கிடையாது.

பணி நிரந்தர ஆணை அடுத்த வருடம் வந்தது. தட்சிணாமூர்த்தி அதைத் தானே கொண்டுவந்து செல்வியின் மேசையில் வைத்துவிட்டு, “ஒன்னப் பத்தி நான் அன்னிக்கே மேடம் கிட்ட சொல்லி வெச்சேம்மா,” என்றார்.

“லீவுன்னுதானே சார்,” என்றாள் செல்வி.